களைப்பென்று சொல்ல ஒரு சட்டம்

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "நீரிழிவு, பிறஷர், முழங்கால் நோ, இப்படி எல்லாருக்கும் பிரயோசனமான ஒன்றைப் பற்றிக் கதையுங்கோ டொக்டர்" என்றுதான் கேட்டார். விமானிகளைப் பற்றிக் கதைக்கப்போகிறேன் என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சரி, வந்தவர்களில் பாதிப்பேர் பிளேனில் வந்தவர்கள்தானே" என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார்.

எனக்கு ஒரு காரணம் இருந்தது. சென்ற தவணை இங்கே நடந்த தொழில் வழிகாட்டல் நிகழ்வுக்கு என்னை அழைத்திருந்தார்கள். தரம் 10 பிள்ளை ஒருத்தி எழும்பி, "மிஸ், விமானியாக வாறதுக்கு என்ன படிக்கவேணும்?" என்று கேட்டாள். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய வயதில் நாங்கள் இதே மண்டபத்தில் இருந்தபோது, மேலே சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடினோம். பொம்பரா, ஹெலியா, சகடையா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவோம். அதற்குள் ஒரு மனிதன் இருந்து ஓட்டுகிறான் என்று யோசித்ததில்லை. அந்த இருக்கையில் எங்களில் ஒருத்தி இருக்கலாம் என்று கனவிலும் நினைத்ததில்லை.

அன்று அந்தப் பிள்ளைக்கு நான் சொன்ன பதில் சரியானது. கணிதம், பௌதிகம், நல்ல ஆங்கிலம் வேண்டும். வணிக விமானி அனுமதிப்பத்திரத்துக்குப் பொதுவாக 200 மணித்தியாலம் பறந்திருக்க வேண்டும், பெரிய விமானத்தின் கப்டனாக வருவதற்கான அனுமதிப்பத்திரத்துக்கு 1500 மணித்தியாலம். நிறையப் பணமும் வேண்டும். ஆனால் அவள் எப்போது நித்திரை கொள்ளப்போகிறாள் என்பதை நான் சொல்லவில்லை. நித்திரையைப் பற்றிப் படித்த வைத்தியர் என்ற முறையில் நான் முதலில் சொல்லியிருக்க வேண்டியது அதுதான். இன்று சொல்கிறேன்.

என்னோடு விடுதியில் பக்கத்துக் கட்டிலில் படுத்த தோழி ஒருத்தி ஒரு விமானியைத் திருமணம் செய்திருக்கிறாள். அவர் வளைகுடா நாடொன்றில் நீண்டதூர விமானங்களை ஓட்டுகிறார். அவர்களுடைய வீட்டில் நான் சில நாட்கள் தங்கியிருக்கிறேன். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அந்த மாதக் கடமைப் பட்டியல் ஒட்டியிருக்கும். அந்த வீட்டின் கலண்டர் அதுதான். படுக்கையறை யன்னலுக்குச் சாதாரணத் திரைக்கு மேலே தடித்த கறுப்புத் துணி. கதவில் பிள்ளைகள் ஒரு விமானத்தை வரைந்து, அதற்குக் கீழே "சத்தம் போடாதே, அப்பா நித்திரை" என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அந்தப் படத்தின் ஒரு பக்கம் பச்சை, மற்றப் பக்கம் சிவப்பு. சிவப்பென்றால் சமையலறையில் மிக்சியும் போடக்கூடாது.

கலியாணம் முடிந்த புதிதில் அவர்கள் ஊருக்கு வந்தபோது தோழியின் அம்மாவுக்குப் பெரிய மனவருத்தம். "மருமகன் பத்து மணிக்குப் படுத்தவர், பின்னேரம் நாலு மணியாகியும் எழும்பேல்லை, ஏதும் வருத்தமோ?" என்று என்னிடம் இரகசியமாகக் கேட்டார். எங்களுடைய ஊரில் பகலில் படுத்திருக்கும் ஆம்பிளை ஒன்றில் நோயாளி, இல்லாவிட்டால் சோம்பேறி. மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது என்று விளங்கப்படுத்த எனக்கு ஒரு மணித்தியாலம் எடுத்தது.

விமானிகளுக்கு என்ன குறை, மாதத்துக்கு நூறு மணித்தியாலம்தானே வேலை என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அந்த இலக்கம் உண்மைதான். ஐரோப்பிய விதிகளின்படி ஒரு விமானி தொடர்ச்சியான 28 நாட்களில் 100 மணித்தியாலத்துக்கு மேல் பறக்கக் கூடாது. ஒரு கலண்டர் ஆண்டில் 900. அமெரிக்காவிலும் 28 நாட்களுக்கு 100தான். ஆனால் அந்தக் கணக்கு விமானம் புறப்படுவதற்காக அசையத் தொடங்கிய நேரத்திலிருந்து போய் நிற்கும் நேரம் வரைதான் ஓடும். அதற்கு முன்னால் வந்து காலநிலை, எரிபொருள், பாதை எல்லாம் பார்ப்பது, பிந்தும் விமானத்துக்காகக் காத்திருப்பது, அடுத்த பறப்புக்கு இடையில் நிலையத்தில் இருப்பது எல்லாம் அதற்குள் வராது. அவை கடமை நேரம். அதற்கு ஐரோப்பாவில் 7 நாட்களுக்கு 60, 28 நாட்களுக்கு 190 மணித்தியாலம் என்று வேறொரு எல்லை இருக்கிறது.

இதிலும் இரண்டு சாதி உண்டு. குறுந்தூர விமானி ஒரு நாளில் நாலு தடவை ஏறி நாலு தடவை இறங்குவார். அதிகாலை 3 மணிக்கு எழும்புவார். ஆனால் பெரும்பாலும் இரவில் தன் கட்டிலில் படுப்பார். நீண்டதூர விமானி மாதத்தில் சில பயணங்கள்தான் போவார். அவருடைய உடம்பு மட்டும் எந்த ஊரில் இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. ரொறன்ரோவிலிருந்தும் சிட்னியிலிருந்தும் வந்திருக்கும் நீங்கள் போன கிழமை முழுக்க, "நடுச்சாமத்தில் முழிப்பு வருகுது, பகலில் கண் சொருகுது" என்று முறைப்பட்டீர்கள். எங்கள் உடல் மணிக்கூடு புதிய நேரத்துக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் என்ற வேகத்தில்தான் மாறும். மேற்கே போவதைவிடக் கிழக்கே வருவது கடினம். நீங்கள் ஒரு கிழமையில் தப்பிவிடுவீர்கள். விமானி மாறத் தொடங்கும் முன்னரே திரும்பிப் பறக்கிறார். அவருக்கு அது நோயல்ல, சீவியம்.

நீண்ட பயணத்தில் இரண்டு விமானிகள் போதாது. அமெரிக்க விதியில் இரண்டு பேர் என்றால் ஆகக்கூடியது 9 மணித்தியாலப் பறப்பு, இரவில் தொடங்கினால் 8. மூன்று பேர் என்றால் 13, நாலு பேர் என்றால் 17. மாறி மாறிப் படுப்பதற்குப் பெரிய விமானங்களில் ஒரு சிறிய அறை இருக்கிறது. தோழியின் கணவரிடம் அங்கே நல்ல நித்திரை வருமா என்று கேட்டேன். "விடுதிக் கட்டிலைவிடப் பரவாயில்லை என்று உங்களுடைய சிநேகிதி சொல்லித்தான் கேள்விப்பட்டேன்" என்றார்.

விதிகளில் ஒரு நேரத்துக்குத் தனிப்பெயரே இருக்கிறது: அதிகாலை 2 மணி முதல் 5.59 வரை. உடல் வெப்பம் ஆகக் குறைந்து, விழிப்பும் ஆகக் குறையும் நேரம் அது. எவ்வளவு பழகினாலும், எத்தனை கோப்பி குடித்தாலும், அந்த நாலு மணித்தியாலத்தில் மூளை பகல் மூளையல்ல. 1997இல் அவுஸ்திரேலியாவில் செய்த ஒரு பரிசோதனையில், தொடர்ந்து 17 மணித்தியாலம் விழித்திருந்தவர்களின் கையும் கண்ணும் இரத்தத்தில் 0.05 வீதம் மதுசாரம் உள்ளவர்களின் அளவுக்கு மந்தமாக இருந்தன. பல நாடுகளில் அந்த அளவோடு கார் ஓட்டினால் பொலிஸ் பிடிக்கும். குடித்தவனைப் பிடிக்கக் கருவி இருக்கிறது. நித்திரையில்லாதவனைப் பிடிக்க ஊதிப் பார்க்கும் கருவி ஒன்றுமில்லை. அவனாகத்தான் சொல்ல வேண்டும்.

2010 மே 22ஆம் திகதி டுபாயிலிருந்து இரவில் புறப்பட்ட ஒரு விமானம் காலை 6 மணியளவில் மங்களூரில் இறங்கியது. 166 பேர் இருந்தார்கள். வளைகுடாவில் உழைத்துவிட்டு வீட்டுக்கு வந்த கேரள, கர்நாடக மக்கள் பெரும்பாலோர். மலை மேல் அமைந்த ஓடுபாதையில் நடுப்பகுதியையும் தாண்டி விமானம் தரையைத் தொட்டது. நிற்க இடம் போதாமல் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. 158 பேர் இறந்தார்கள். விமானியறை ஒலிப்பதிவில் 2 மணித்தியாலம் 5 நிமிடம் இருந்தது. அதில் முதல் 1 மணித்தியாலம் 40 நிமிடத்துக்கு இரு விமானிகளுக்கும் இடையில் பேச்சில்லை. கப்டனின் குறட்டைச் சத்தம் இருந்தது. விழித்து இறக்கத் தொடங்கியபோது விமானம் இருக்க வேண்டியதைவிட உயரத்தில் இருந்தது. துணை விமானி, இறக்க வேண்டாம், மேலெழுந்து திரும்ப வருவோம் என்று மூன்று தடவை சொன்னார். கப்டன் இறக்கினார்.

விசாரணைக்குழு நித்திரையால் எழும்பியவுடன் வரும் மந்தநிலையைக் குறிப்பிட்டது. இதை வைத்தியர்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. ஆழ்ந்த நித்திரையிலிருந்து எழுப்பினால் கண் திறந்திருக்கும், வாய் பதில் சொல்லும், ஆனால் தீர்மானம் எடுக்கும் பகுதி இன்னும் கட்டிலில் கிடக்கும். பிறகு, தான் எடுத்த தீர்மானத்தையே பிடித்துக்கொண்டு நிற்கும்.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. உள்ளகப் பயிற்சி வைத்தியராக இருந்த காலத்தில், தொடர்ச்சியாக முப்பது மணித்தியாலக் கடமையின் கடைசிப் பகுதியில், ஒரு குழந்தைக்கு மருந்தின் அளவைப் பத்து மடங்காக எழுதினேன். ஒரு புள்ளி இடம் மாறிவிட்டது. வயதான தாதி ஒருவர் தாளைக் கொண்டுவந்து, "டொக்டர், இதை ஒருக்காப் பாருங்கோ" என்றார். பார்த்தேன். சரிதான் என்றேன். எனக்குக் கோபமும் வந்தது. அவ நகரவில்லை. "இன்னொருக்காப் பாருங்கோ" என்றா. மூன்றாம் தரம்தான் புள்ளி என் கண்ணில் பட்டது. அந்தக் குழந்தைக்கு ஒன்றும் நடக்கவில்லை. மங்களூர் அறிக்கையில் மூன்று தடவை என்று வாசித்தபோது நான் அந்தப் பக்கத்தோடு புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அன்று கேட்டிருந்தால் நான் களைத்திருக்கிறேன் என்று ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன். ஒத்துக்கொள்வது வெட்கம். எங்களுக்கு அந்த வெட்கம் இங்கேயே பழகிவிட்டது. குப்பி விளக்கை வைத்துக்கொண்டு இரவிரவாகப் படித்தவள் காலையில் அதை எல்லோருக்கும் சொல்லித் திரிவாள். ஒன்பது மணிக்குப் படுத்தவள் வாயைத் திறக்கமாட்டாள்.

விமானிகளின் உலகத்தில் அந்த வெட்கத்துக்கு ஒரு சட்டம் எழுதியிருக்கிறார்கள். எழுத வைத்தவர்கள் இறந்தவர்களின் குடும்பத்தார். 2009 பெப்ரவரி 12ஆம் திகதி இரவு அமெரிக்காவில் பஃபலோ நகருக்கு அருகே ஒரு சிறிய விமானம் ஒரு வீட்டின் மேல் விழுந்து 50 பேர் இறந்தார்கள். துணை விமானி 24 வயதுப் பெண். அவருடைய கடமை நிலையம் கிழக்குக் கரையில் நியூவார்க். வீடு மேற்குக் கரையில் சியாட்டில் பக்கம். முதல் நாள் இரவு முழுவதும் வேறு விமானங்களில் ஏறி நாட்டைக் குறுக்கே கடந்துதான் வேலைக்கு வந்திருந்தார். தடிமனும் பிடித்திருந்தது. இப்போது சுகமில்லை என்று சொன்னால் ஹோட்டலுக்குத் தானே காசு கட்ட வேண்டிவரும் என்ற கருத்துப்பட அவர் கப்டனிடம் பேசியதும் ஒலிப்பதிவில் இருக்கிறது. கப்டனும் முதல் நாள் இரவை விமானநிலைய ஓய்வறையில்தான் கழித்திருந்தார். விபத்துக்கு முதற்காரணம், விமானம் வேகம் இழந்தபோது கப்டன் கைப்பிடியைத் தள்ளுவதற்குப் பதிலாக இழுத்தது. களைப்பு அதில் எவ்வளவு பங்கு என்று விசாரணையால் அளந்து சொல்ல முடியவில்லை. களைப்பு தடயம் விட்டுப்போவதில்லை.

குடும்பத்தார் விடவில்லை. படங்களைக் கையில் ஏந்திக்கொண்டு வொஷிங்டனுக்குத் திரும்பத் திரும்பப் போனார்கள். 2010இல் சட்டம் வந்தது. அதன்படியான புதிய கடமை விதிகள் 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன. கடமைக்கு முன்னர் 10 மணித்தியால ஓய்வு, அதற்குள் இடையூறில்லாத 8 மணித்தியாலம் நித்திரைக்கு. எத்தனை மணிக்குத் தொடங்குகிறார், எத்தனை தடவை ஏறி இறங்குகிறார் என்பதைப் பொறுத்து அவருடைய நாள் 9 மணித்தியாலத்துக்கும் 14க்கும் இடையில் முடிய வேண்டும். என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் பெரியது வேறொன்று: ஒவ்வொரு பறப்புக்கு முன்னரும் விமானி தான் தகுதியாக இருக்கிறேன் என்று உறுதிசெய்ய வேண்டும். களைத்திருக்கிறேன் என்று சொன்னால், நிறுவனம் அவரைப் பறக்கவிடக் கூடாது.

இதில் ஒரு அநியாயமும் உண்டு. பொதிகளை மட்டும் ஏற்றும் விமானங்களை இந்த விதியிலிருந்து விலக்கிவிட்டார்கள். அவைதான் இரவில் அதிகம் பறப்பவை. பார்சலை ஏற்றுகிறவருக்கு வேறு மூளையா என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்டவர்களும் இருக்கிறார்கள், பதில், செலவு.

நாசா நிறுவனம் பசிபிக்கைக் கடக்கும் விமானங்களில் ஒரு ஆய்வு செய்தது. ஒரு விமானி கட்டுப்பாட்டில் இருக்க, மற்றவருக்கு இருக்கையிலேயே 40 நிமிடம் கொடுத்தார்கள். அவர்கள் சராசரியாக 26 நிமிடம் நித்திரை கொண்டார்கள். அந்தக் குட்டி நித்திரை இல்லாத குழுவினர் பயணத்தின் கடைசிப் பகுதியில், இறங்கும் நேரம் நெருங்கும்போது, தங்களை அறியாமலே சில வினாடிகள் கண்ணயர்ந்தார்கள். நித்திரை கொண்டவர்கள் தெளிவாக இருந்தார்கள். இன்று ஐரோப்பாவிலும் கனடாவிலும் முறைப்படி அறிவித்து, ஒருவர் மாறி ஒருவர் இப்படிக் கண்ணை மூடலாம். ஆய்வு நடத்திய அமெரிக்காவில் இன்னும் அனுமதியில்லை. விமானி இருக்கையில் நித்திரை கொள்கிறார் என்று கேட்டால் பயணிகள் பயப்படுவார்களாம். எனக்குப் பயம், சொல்லாமல் கொள்ளும் நித்திரைக்குத்தான்.

அடுத்தது வைத்தியர் என்ற முறையில் என்னை அதிகம் உறுத்தும் விடயம். விமானிக்கு ஆண்டுக்கொரு தடவையாவது, வயது போகப்போக ஆறு மாதத்துக்கொரு தடவை, கடுமையான மருத்துவப் பரிசோதனை இருக்கிறது. அதில் தவறினால் வேலையில்லை. ஆகவே உலகத்தில் வைத்தியருக்கு உண்மை சொல்ல ஆகப் பயப்படும் நோயாளி விமானிதான். நித்திரை வரவில்லை, மனம் சரியில்லை என்ற சொற்களே வாயில் வராது. 2015 மார்ச் 24ஆம் திகதி பிரான்ஸ் மலையில் துணை விமானி ஒருவர் வேண்டுமென்றே மோதவிட்ட விமானத்தில் 150 பேர் இறந்தார்கள். அவருக்கு வேலைக்குப் போகக் கூடாது என்று வைத்தியர் எழுதிக்கொடுத்திருந்தார். அவர் அதை மறைத்துவிட்டார். அதன் பிறகுதான், விமானி தன் மனக்கஷ்டத்தை இன்னொரு விமானியிடம் இரகசியமாகச் சொல்ல வழிசெய்யும் ஏற்பாட்டை ஐரோப்பா கட்டாயமாக்கியது. மனநோய் உள்ளவர்கள் எல்லாம் ஆபத்தானவர்கள் என்று அந்தச் சம்பவத்திலிருந்து முடிவெடுக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அப்படிப் பேசப் பேச, சொல்ல வருகிறவரும் வாயை மூடிக்கொள்வார்.

தரம் 10 பிள்ளைக்கு வேறு சில சங்கதிகளையும் சொல்ல வேண்டும். உலகத்து விமானிகளில் பெண்கள் நூற்றுக்கு ஐந்து அளவில்தான். அதற்குக் கணிதம் காரணமல்ல. உயரத்தில் விண்வெளிக் கதிர்வீச்சு அதிகம் என்பதால் கர்ப்பம் என்று தெரிந்தால் கடமை மாறும். பிள்ளை பிறந்த பிறகு, கடமைப் பட்டியலுக்குத் தக்கபடி வீட்டில் நிற்க யாராவது வேண்டும். ஆண் விமானிக்கு என் தோழி நிற்கிறாள். பெண் விமானிக்கு யார் நிற்கப்போகிறார்கள் என்று அவள் இப்போதே யோசிக்கட்டும். யோசித்துவிட்டு, கட்டாயம் போகட்டும். 2019இலிருந்து பலாலியில் சர்வதேச விமானங்கள் இறங்குகின்றன. நாங்கள் ஓடி ஒளிந்த அதே வானத்தில் அவள் ஒரு நாள் இறங்க வந்தால், வரவேற்க நான் ஊன்றுகோலோடாவது போய் நிற்பேன்.

நாளை, நாளைமறுதினம் கட்டுநாயக்காவில் ஏறப்போகிறவர்கள் பலர் இருக்கிறீர்கள். விமானம் பிந்தி, விமானிகளின் கடமை நேரம் முடிந்துவிட்டது, வேறு விமானிகள் வரவேண்டும் என்று அறிவித்தால், கவுண்டரில் நிற்கும் பிள்ளையிடம் சத்தம் போடாதேங்கோ. எதிர்பாராத தாமதத்தில் நேரத்தைக் கொஞ்சம் நீடிக்கக் கப்டனுக்கு அதிகாரம் உண்டு. அவர் நீடிக்கவில்லை என்றால், தன்னையும் தன் ஆட்களையும் பார்த்து, முடியாது என்று சொல்லியிருக்கிறார்.

என் தோழி இங்கே பின்வரிசையில் இருக்கிறாள். கணவர் வரவில்லை. இன்று அதிகாலைதான் ஊருக்கு வந்து சேர்ந்தார். நான் காலையில் அந்த வீட்டுப் பக்கம் போனேன். கறுப்புத் துணி இல்லாததால் யன்னலுக்கு இரண்டு போர்வையைக் கட்டியிருந்தார்கள். தோழியின் அம்மா படலையடியில் கதிரை போட்டு இருந்தார். பாண் விற்கும் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் திரும்ப, எழும்பி நடுவீதியில் நின்று கையைக் காட்டி மறித்தார். "தம்பி, அந்தப் பாட்டை நிப்பாட்டிப்போட்டுப் போ, மருமகன் படுத்திருக்கிறார்" என்றார்.